முதல் வண்டி போன பிறகு

வாம்மா, வா. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காரு. ஃபேன் போடலாம், போட்டா இந்தத் தாளெல்லாம் பறந்துரும், அதான் யோசிக்கிறேன். பரவாயில்லயா? சரி. குருவையா மக பஞ்சவர்ணம் நீதானே? மூக்கப் பாத்தாலே தெரியுது. உங்க அத்த மகன் காலையிலயே போன் பண்ணிட்டான். 'ரைட்டரய்யா, எங்க மாமா மக திண்டுக்கல்லருந்து வர்றா, தேனிக்குப் போற வழியில பெரியகுளத்துல எறங்கி உங்களப் பாக்கணும்ங்கிறா, மறைக்காமச் சொல்லிருங்க'ன்னான். நான் எதுக்கு மறைக்கப் போறேன்? என்னப் பாக்கணும்னு ஒரு ஆள் வண்டிய விட்டு எறங்கி வந்து எத்தன வருசமாச்சு தெரியுமா?

என்னது, அர மணி நேரமா? அட போம்மா. தேனிக்கு வண்டிக்கா பஞ்சம்? நாப்பத்திரண்டு வருசத்த அர மணி நேரத்துல எப்பிடிச் சொல்றது? உன் கேள்வி என்னன்னு எனக்குத் தெரியும். உங்கப்பன் பெரியாஸ்பத்திரியில கெடக்கான், ரெண்டு நாளோ மூணு நாளோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு வயசுல பாத்த மூஞ்சி. அந்தக் கொலைய அவன் செஞ்சிருந்தா இங்கிருந்தே திண்டுக்கல்லுக்குத் திரும்பிருவ. செய்யலன்னா போய்ப் பாப்ப. அம்புட்டுதானே? அதச் சொல்லத் தோதான ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். சரியான எடத்துக்குத்தான் வந்திருக்க.

ஆமா, அவன் இவன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்காத தாயி. போலீஸ் ஸ்டேஷன்ல குத்தம் சாட்டப்பட்டவன எதிரின்னுதான் எழுதுவோம். பதிமூணு வருசம் எழுதுன கை, வாயும் அதே மாதிரி பழகிப்போச்சு. அவருன்னே சொல்றேன்.

ரைட்டர் வேல என்னன்னு உனக்குத் தெரியுமோ என்னமோ. இன்ஸ்பெக்டருக்குத் தொப்பி, மீசை, ஜீப்பு எல்லாம் உண்டு. ஆனா கேசு நிக்கிறது ரைட்டர் கையில. ஜனங்க வருவாங்க, அழுவாங்க, மாரடிப்பாங்க, மூணு தலைமொறைக் கதையச் சொல்லுவாங்க. அதுல எது ஆகும், எது ஆகாதுன்னு பொடைச்செடுத்து எழுதணும். ஒருத்தி வந்து, 'எங்க மாமியாளுக்கு ராப்பூரா இருமலு, அதனால வெள்ளனவே எந்திரிச்சேனுங்க, பனின்னா பனி அப்பிடி ஒரு பனி'ம்பா. நான் எழுதுவேன்: 'மேற்படி தேதியில் நான் அதிகாலையில் எழுந்து.' முடிஞ்சுபோச்சு. கோர்ட்டுக்கு மாமியா எதுக்கு, இருமல் எதுக்கு? இந்தா, என் கையெழுத்தப் பாரு. கார்பன் காப்பியே இந்த அழகுன்னா மேல்தாள் எப்பிடி இருந்திருக்கும்! ஒரு ஜட்ஜு, 'இது யாருய்யா எழுதுனது'ன்னு கேட்டு என்னக் கூப்பிட்டுப் பாத்தாரு.

இந்தக் காப்பியெல்லாம் நான் வச்சிருக்கக் கூடாதுதான். மாத்தலாகி வரும்போது பெட்டிக்குள்ள வந்துருச்சு. எங்க வீட்டுக்காரி இருந்தவரைக்கும் ஏசுவா. 'பெத்த பிள்ளையோட நாலு வார்த்தை பேச நேரமில்ல, செத்தவனோட குடும்பம் நடத்துறீங்க'ம்பா. அவ போயி பதினேழு வருசம் ஆகுது. மகன் பெங்களூர்ல இருக்கான், பொங்கலுக்கு ஒரு போன் வரும். நான் தனியா இருக்கேன்னு அக்கம்பக்கத்துல பேசுறாங்க. எனக்கு என்ன தனிமை? காலையில காப்பி குடிச்சதும் இந்தக் கேசுக்கட்ட அவுத்துக் கட்டில்ல பரப்பிருவேன். ஒவ்வொரு சாட்சியா எடுத்து, இவன் பேச்சு எம்புட்டுக் கனம், அவ பேச்சு எம்புட்டுக் கனம்னு நிறுத்துப் பாப்பேன். மத்தியானம் ஆகுறதே தெரியாது. சாட்சிங்க அத்தன பேரும் செத்துப்போயிட்டாங்க. இருந்தாலும் எனக்குப் பேச்சுத் தொணை அவுங்கதான்.

வந்துட்டேன், விசயத்துக்கு வந்துட்டேன். மணியப் பாக்காத.

எண்பத்திரண்டு, மார்கழி மாசம். உங்க வெள்ளக்கரட்டுல பால் சொசைட்டி. அதுக்குத் திரவியம்னு ஒருத்தன் செயலாளர். உங்கப்பா டெஸ்டர். வர்ற பால்ல மீட்டர விட்டுத் தண்ணி கலந்திருக்கான்னு பாக்கற வேல. முந்தின நாள் சாயங்காலம், 'வேண்டியவங்க பால்ல தண்ணி இருந்தா உனக்குக் கண்ணு தெரியாதோ'ன்னு கேட்டுத் திரவியம் உங்கப்பாவக் கன்னத்துல அறைஞ்சுட்டான். கேனோட அம்பது பேரு நிக்கிறாங்க, பொம்பளைங்க பாதி. உங்கப்பா என்ன செஞ்சாருன்னா, 'இருடா, உன்ன முடிக்காம விடமாட்டேன்'னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டாரு. அந்த ஒரு வார்த்தை. மறுநாள் காலையில ஆறரைக்குப் பால் ஊத்த வந்த ஜனம் பாக்குது, மாட்டுத்தீவனக் குடோனுக்குள்ள திரவியம் மண்டை பொளந்து கெடக்கான். பக்கத்துல கடப்பாரை. உங்கப்பாவ ஊருக்குள்ள காணோம். சாயங்காலம் ஆண்டிபட்டியில, உங்க அத்த வீட்ல வச்சுப் புடிச்சோம்.

'அவமானம் தாங்காம அக்கா வீட்டுக்கு வந்தேங்கய்யா, முதல் வண்டியப் புடிச்சு வந்துட்டேன், எனக்கு ஒண்ணுந் தெரியாது'ன்னாரு. எல்லா எதிரியும் அப்பிடித்தானம்மா சொல்லுவான்.

இப்ப சாட்சிக்கு வருவோம். அடிச்சதக் கண்ணால பாத்தவன் ஒருத்தனும் கெடையாது. மூணு பேருதான் முக்கியம். முதல் ஆளு டீக்கடை சோலைமலை. 'குருவையா முக்காடு போட்டுக்கிட்டு இருட்டோட சொசைட்டிப் பக்கமிருந்து வந்து பஸ்ஸுக்கு நின்னான்'னு சொன்னான். சோலைமலை பேச்சு பஞ்சு மாதிரி. ஊதுனாப் பறக்கும். டீ ஆத்துற கைக்கு வாயும் சேந்து ஆத்தும். மார்கழிப் பனியில முக்காடு போடாதவன் யாரு? பஸ் நிக்கிற எடமே சொசைட்டிக்குப் பக்கந்தான். அத நான் தூக்கித் தனியா வச்சுட்டேன்.

ரெண்டாவது ஆளு ஜெபமணி வாத்தியார். அவரு சாட்சி கனமான சாட்சி. கையில கடிகாரம் கட்டியிருந்த மனுசன். கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊருக்குப் போக அதே வண்டிக்கு நின்னவரு. ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்து, ஒம்பதாம் நாள்தான் ஸ்டேஷனுக்கு வந்தாரு. 'வண்டி ஏறும்போது மணி அஞ்சு அம்பத்தஞ்சு, நான் கடிகாரத்தப் பாத்தேன், குருவையா என் முன்னாடிதான் ஏறினான்'னாரு. அப்பிடியே எழுதுனேன்.

மூணாவது விருமாயி. புருசனில்லாத பொம்பள, ரெண்டு எருமை வச்சுப் பொழச்சவ. மாமியா இருமல்னு சொன்னேன்ல, அது இவதான். கொலை நடந்த அன்னிக்கே, பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடியே இவள விசாரிச்சாச்சு. திரவியத்த உசுரோட கடைசியாப் பாத்தவ. இந்தா, படிக்கிறேன் கேளு: 'மேற்படி தேதியில் நான் அதிகாலையில் எழுந்து, காலை சுமார் 5.15 மணிக்குச் சாணம் அள்ளச் சென்றபோது, மேற்படி திரவியம் என்பவர் குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் என்னிடம் பனி அதிகமாக உள்ளது என்று கூறினார்.'

இப்ப நிறுத்துப் பாரு. அஞ்சேகாலுக்குத் திரவியம் உசுரோட நிக்கிறான். அஞ்சு அம்பத்தஞ்சுக்குக் குருவையா வண்டி ஏறுறாரு. நடுவுல நாப்பது நிமிசம். சர்க்கார் வக்கீல் அந்த நாப்பது நிமிசத்தப் புடிச்சுக்கிட்டாரு பாரு, 'கனம் கோர்ட்டார் அவர்களே, நாற்பது நிமிடம்'னு மேசையத் தட்டித் தட்டி. கண்ணால பாத்த சாட்சி இல்லாததால, சந்தேகத்தின் பலன எதிரிக்குக் குடுத்து ஜட்ஜு விட்டுட்டாரு. பத்து மாசம் உள்ள இருந்துட்டு உங்கப்பா வெளிய வந்தாரு. சந்தேகத்தின் பலன்னா ஊர்ல என்ன அர்த்தம்? செஞ்சான், மாட்டல. அதுதான் அர்த்தம். ஊர் வாய மூட உலைமூடி ஏது? உங்கம்மா உன்னத் தூக்கிக்கிட்டு அண்ணன்மார் வீட்டுக்குப் போனதும் அதனாலதான். எங்க ஆளுங்களும் வேற யாரையும் தேடல. புடிச்சாச்சு, கோர்ட்டு விட்டுருச்சு, நாங்க என்ன செய்யறதுன்னு கட்ட மூடிட்டாங்க.

என்ன கேட்ட?

இல்ல, காதுல விழுந்துச்சு. திரும்ப ஒரு தடவ கேளு.

விருமாயிகிட்டக் கடிகாரம் இருந்துச்சான்னு கேக்குற. ம். நீ சத்துணவு அமைப்பாளர்தானே? வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ. அம்புட்டுப் பெரிய கோர்ட்டுல கறுப்புக் கோட்டு போட்ட ஒருத்தனும் இதக் கேக்கலம்மா. இரு, காப்பி போடுறேன். பால் வாங்கி வச்சிருக்கேன், நீ வர்றேன்னுதான் வாங்குனேன். வேணாமா? ஒரு வா குடிச்சாத்தான் என்ன? நான் போடுற காப்பி நல்லா இருக்கும். சரி, சரி. உக்காரு. சொல்றேன்.

கடிகாரம் இல்ல. எருமைக்காரிக்கு ஏது கடிகாரம். அவ சொன்னது, 'மொத வண்டி போனதுக்கப்பறம் சாணியள்ளப் போனேனுங்க'ன்னு. அவ மட்டுமா? அந்த ஊர்ல எல்லாருக்கும் அப்பிடித்தான். மொத வண்டிக்கு முன்னாடி, மத்தியான வண்டிக்குப் பின்னாடி, கடைசி வண்டி வரும்போது. கோர்ட்டுல வண்டிய எழுத முடியுமா? மணி வேணும். மொத வண்டி அஞ்சு பத்துக்கு. அது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அஞ்சு பத்துக்கு வண்டி போச்சுன்னா அவ பாத்தது சுமார் அஞ்சேகால். எழுதிட்டேன். எல்லாருக்கும் அப்பிடித்தானம்மா எழுதுவேன், எல்லா ரைட்டரும் அப்பிடித்தான் எழுதுவான். 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி'ன்னு கடைசியில ஒரு வரி போடுவோம். படிச்செல்லாம் காட்டறதில்ல. அதுக்கு எங்க நேரம்?

புரிஞ்சிருச்சு உனக்கு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனாலும் நானே சொல்லிடுறேன். அன்னிக்குப் பனியில வண்டி லேட்டு. அஞ்சு பத்துக்கு வர வேண்டிய வண்டி அஞ்சு அம்பத்தஞ்சுக்குத்தான் வந்துச்சு. வாத்தியார் ஏறுனதும் அதே வண்டி, உங்கப்பா ஏறுனதும் அதே வண்டி. அது போனதுக்கப்பறம்தான் விருமாயி திரவியத்தப் பாத்திருக்கா. பாத்தது மட்டுமில்ல, பேசியிருக்கா. அவன் குடோன் வாசல்ல உசுரோட நிக்கும்போது உங்கப்பா ஆண்டிபட்டி வண்டியில உக்காந்திருக்காரு.

உங்கப்பா செய்யலம்மா.

அழு. அழுகறதுன்னா அழுதுக்க. தண்ணி அந்தச் செம்புல இருக்கு.

வாத்தியார் சொல்லத்தான் செஞ்சாரு. 'பனியினால பேருந்து ரொம்பத் தாமதம், முக்கா மணி நேரம் நின்னோம்'னாரு. நான்தான், மணி இருக்கே, வண்டி லேட்டுங்கறது கேசுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். விருமாயி வாக்குமூலம் அதுக்குள்ள கோர்ட்டுக்குப் போயிருச்சு. விசாரணை அன்னிக்குக் கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி அவகிட்ட, 'அஞ்சேகாலா ஆத்தான்னு கேட்டா ஆமான்னு சொல்லு'ன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். பாவம், ஆமாங்க சாமின்னா. அவளுக்கு அஞ்சேகால்னா என்ன தெரியும்? நம்ம ஜனங்களுக்குச் சாட்சி சொல்லவே தெரியாதும்மா, அதான் கஷ்டம். அவ ஒரு வார்த்தை, 'இல்லீங்க, நான் வண்டியத்தான் சொன்னேன்'னு சொல்லியிருக்கக் கூடாதா?

இல்ல. நீ பாக்குற பார்வை சரிதான். அவ அப்பிடித்தான் சொன்னா. முதல் நாளே சொன்னா. நான்தான் எழுதல.

எப்பத் தெரிஞ்சுச்சுன்னு கேக்குறியா? ரிட்டயர்டு ஆனதுக்கப்பறம். எங்க வீட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சீட்டு வாங்குற வரிசையில ஒரு கெழவி, 'ரைட்டரு சாமி'ன்னு கும்பிட்டா. விருமாயி. அந்தக் கேசுப் பேச்சு வந்துச்சு. அவளாத்தான் சொல்றா, 'அன்னிக்கு வண்டி எம்புட்டு லேட்டு! மாமியாளுக்கு மருந்து வாங்கியாரச் சொல்லி டிரைவர்கிட்டச் சொல்லணும்னு காத்துக்காத்து நின்னு, அது போனப்பறம்தான சாணிக்கே போனேன்'னு. வீட்டுக்கு வந்ததும் கட்டப் பிரிச்சு வாத்தியார் தாளையும் அவ தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுச்சு. பதினெட்டு வருசம் ஆச்சு.

கத்தாதம்மா. பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்க.

ஏன் சொல்லல, ஏன் சொல்லலன்னா... யாரும் வந்து கேக்கல. சொல்றதுன்னா யாருகிட்டச் சொல்ல? கேசு முடிஞ்சுபோச்சு, கோர்ட்டு விட்டாச்சு. ஸ்டேஷன்ல போயி, நாப்பது நிமிசம் நான் செஞ்ச நிமிசம்னு சொன்னா, சின்னப் பயலுக சிரிப்பானுக. உங்கப்பா ஆண்டிபட்டியில தனியா இருக்காருன்னு தெரியும். முக்கா மணி நேரத்துல போயிரலாம். ரெண்டு தடவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். முதல் தடவ வண்டி வரல. ரெண்டாவது தடவ வந்துச்சு. நான் ஏறல.

உண்மையச் சொல்லணும்னா, இந்தக் கட்டு இல்லன்னா காலையில எந்திரிச்சு நான் என்ன செய்யணும்னு எனக்கே தெரியல. அவருகிட்டச் சொல்லிட்டா இது முடிஞ்சு போயிரும். முடிஞ்சதுக்கப்பறம் பரப்பி வச்சு நிறுக்கறதுக்கு என்ன இருக்கு? இன்னிக்குக் கூட, நீ வந்ததும் மொத வார்த்தையா 'அவரு செய்யல, போய்ப் பாரும்மா'ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நீ உக்காந்திருப்பியா? ஒரு மணி நேரம் ஒருத்தி எதுத்தாப்ல உக்காந்து கேக்குறான்னு எனக்கு... தப்புத்தாம்மா. பெரிய தப்பு.

யாருக்குப் போன் போடுற? அத்த மகனுக்கா? 'அப்பா கிட்டக் குடு'ங்குற. வந்ததுலருந்து அந்தாளு அந்தாளுன்னுதான் சொன்ன, இப்பத்தான் அப்பாங்குற.

எனக்கா? எங்கிட்ட எதுக்கும்மா நீட்டுற? நீ போய் நேர்ல சொல்லிக்க, பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொல்லு. நான் என்னன்னு பேச? ... சாட்சிக்காரன் கால்ல விழுறதவிடச் சண்டைக்காரன் கால்ல விழலாம்பாங்க. நான் ரெண்டுல எதுலயும் சேராதவன். எழுதுனவன். எழுதுனவன் போய் யார் கால்ல விழுறது?

சரி. குடு. குடும்மா, நீ சொல்றது சரிதான், நான்தான் சொல்லணும்.

அலோ. ... அலோ. காதுகிட்ட வச்சிருக்கியாப்பா? நல்லா வையி. ... குருவையாங்களா? நான், அது வந்து, வெள்ளக்கரட்டுக் கேசுல வாக்குமூலம் எழுதுன ரைட்டரு. தங்கமாயன். ஞாபகம் இருக்குங்களா? ... மேற்படி கேசு சம்பந்தமா, விருமாயி வாக்குமூலத்துல... இல்ல. இல்லங்க. நேராவே சொல்லிடுறேன். அன்னிக்கு மொத வண்டி போனதுக்கப்பறம்தான் திரவியத்தப் பாத்ததா விருமாயி சொன்னா. நான் அத அஞ்சேகால்னு எழுதிட்டேன். வண்டி லேட்டானத விட்டுட்டேன். நீங்க வண்டியில போனதுக்கப்பறமும் அவன் உசுரோட இருந்திருக்கான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க சொன்னதுதான் நெசம். நான் எழுதுனதுதான் தப்பு. பதினெட்டு வருசமா எனக்குத் தெரியும், வந்து சொல்லல. கேக்குதுங்களா? குருவையா, கேக்குதுங்களா?

...

ஆமா. ... ஆமாங்க, இங்கதான் இருக்கு. எதுத்தாப்லதான் உக்காந்திருக்கு. ... இல்லங்க, நான் கேசப் பத்தி... சரிங்க. ... சரிங்க, குடுக்குறேன்.

நான் சொன்னது பூராவும் கேட்டாரும்மா. 'எம்பிள்ள அங்கயா இருக்கு'ன்னு கேக்குறாரு. அத மட்டுந்தான் கேக்குறாரு.

இந்தா, வாங்கு. பேசு. வண்டி ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிரு தாயி. நான் உள்ள போயிடுறேன், நீங்க பேசுறத நான் கேக்க மாட்டேன்.